விபத்து நடந்த இடத்தில் யாருடைய சொல் செல்லும்?



காயப்பட்ட ஒருவர் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்து சேரும்போதுதான் டாக்டரும் நர்ஸும் அவரை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே வேறு பலர் அவரைச் சந்தித்துவிடுகிறார்கள். போலீஸார் வந்திருப்பார்கள். வண்டிக்குள் அவர் சிக்கியிருந்தால் தீயணைப்புப் படையினர் வந்திருப்பார்கள். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வந்திருப்பார்கள். இந்த மூன்று சீருடையினரும் ஒருமனப்பட்டு வேலை செய்த நாளில் நோயாளி விரைவாக மருத்துவரின் கைக்கு வந்து சேருகிறார். அவர்கள் தங்களுக்குள் முரண்பட்ட நாளில் நஷ்டம் அவர்களுக்கு அல்ல, தரையில் கிடப்பவருக்கே.

ஆகவே இந்த முறை நம் பாடத்துக்கு ஒரு நடைமுறைக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஆபத்து நடந்த இடத்தில் போலீஸ் அதிகாரி ஒன்று சொல்லுகிறார்; தீயணைப்பு வீரரோ ஆம்புலன்ஸ் ஊழியரோ வேறொன்று சொல்லுகிறார். யாருடைய சொல் செல்ல வேண்டும்? மருத்துவமனையின் நண்பர்களாகிய நாம், "உயிர்தான் முக்கியம், ஆகவே மருத்துவப் பணியாளர் சொல்வதே செல்ல வேண்டும்" என்று உடனே பதில் சொல்லிவிடுவோம். உண்மையில் நடந்த சில சம்பவங்களைக் கவனித்துப் படித்தால், பதிலில் இன்னும் சில காரியங்கள் அடங்கியிருப்பதைக் காண்போம்.

1. மூவர் பக்கத்திலும் நியாயம் உண்டு

முதலாவது, இந்தச் சண்டை நல்லவருக்கும் கெட்டவருக்கும் இடையே நடப்பது அல்ல என்பதை மனதில் வைப்போம். மூவருமே தங்கள் கடமையைச் செய்யவே வருகிறார்கள்.

போலீஸாருக்கு அந்த இடம் முழுவதும் பொறுப்பு. கூட்டத்தை விலக்க வேண்டும். தடயங்கள் மிதிபடாமல் காக்க வேண்டும். தடயம் அழிந்தால் குற்றவாளி தப்பிவிடுவான், நிரபராதி மாட்டிக்கொள்வான். நெடுஞ்சாலையை நெடுநேரம் அடைத்து வைத்தால், தேங்கி நிற்கும் வண்டிகளின்மேல் பின்னால் வேகமாக வரும் லாரி மோதி இரண்டாவது விபத்து நேரிடலாம். ஆயுதம் தாங்கியவன் இன்னும் உள்ளே இருந்தால், அவனை அடக்கும்வரை மற்றவர்களை உள்ளே விட முடியாது.

தீயணைப்புப் படையினருக்கு வேறு கவலை. நசுங்கிய வண்டியை வெட்டி ஆளை எடுக்க வேண்டும். பெட்ரோல் கசிகிறதா, மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாலையில் முழங்காலிட்டு வேலை செய்கிற தங்கள் ஆட்களையும் காக்க வேண்டும். ஆகவே அவர்கள் தங்கள் பெரிய வண்டியைச் சாலையில் சற்றுக் குறுக்காக நிறுத்துகிறார்கள். கவனக்குறைவாக ஒரு வாகனம் வந்து மோதினால், அது அந்த வண்டியின்மேல் மோதட்டும், காயப்பட்டவர்மேலும் பணியாளர்மேலும் மோத வேண்டாம் என்பது அதன் கருத்து.

ஆம்புலன்ஸ் ஊழியருக்கோ நேரமே கவலை. மூச்சுக்குழாய் அடைபட்டவருக்கும், பெரிய இரத்தக்குழாய் அறுந்தவருக்கும் உயிர் தங்குவது சில நிமிடங்களைப் பொறுத்தது.

ஒரே வண்டி, ஒரே இடம். தீயணைப்பு வீரரின் கண்ணுக்கு அது கேடயம். போலீஸ்காரரின் கண்ணுக்கு அதுவே இடைஞ்சல். இருவரும் மனிதர்களைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்கள். தகராறு இங்கேதான் தொடங்குகிறது.

2. நெடுஞ்சாலையில் ஒரு கைவிலங்கு

2014 பிப்ரவரி 4 அன்று இரவு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சூலா விஸ்டா என்னும் நகரத்தின் அருகே, 805ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு கார் கவிழ்ந்தது. தீயணைப்புப் படையினர் வந்து காயப்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வண்டி ஆம்புலன்ஸுக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்றது. நெடுஞ்சாலை ரோந்துப் படையைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் வந்து, வண்டியை அங்கிருந்து எடுக்கும்படி சொன்னார். அந்தத் தீயணைப்பு வீரர், தன் கேப்டனைக் கேட்காமல் எடுக்க முடியாது என்றார். அதிகாரி அவருக்குக் கைவிலங்கு மாட்டி, ஏறக்குறைய அரை மணி நேரம் ரோந்துக் காரில் உட்கார வைத்தார். தொலைக்காட்சிக் கேமரா இவை எல்லாவற்றையும் படம் பிடித்தது. காயப்பட்டவர்களுக்கு உதவி செய்ய வந்தவர் விலங்குடன் நிற்பதை ஊரே பார்த்தது.

அடுத்த நாளே இரண்டு துறைகளின் தலைவர்களும் கூடிப் பேசினார்கள். இணைந்து வேலை செய்வோம் என்று கூட்டாக அறிக்கை விட்டார்கள். அது நல்ல காரியம். ஆனால் அந்தப் பேச்சு சம்பவத்துக்குப் பிறகு நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதில் சட்டம் என்ன சொல்லுகிறது? கலிபோர்னியாவின் சட்டம் இந்த விஷயத்தில் மௌனமாக இல்லை. விபத்து நடந்த இடத்தை நிர்வகிக்கும் அதிகாரம் போலீஸ் துறைக்கு உரியது என்று தண்டனைச் சட்டத்தின் 409.3ஆம் பிரிவு சொல்லுகிறது. ஆனால் நோயாளியின் சிகிச்சையை நிர்வகிக்கும் அதிகாரம் வேறு. அது, அங்கே இருப்பவர்களில் அவசர சிகிச்சையில் அதிகத் தகுதி பெற்ற மருத்துவப் பணியாளருக்கு உரியது என்று சுகாதாரச் சட்டத்தின் 1798.6ஆம் பிரிவு சொல்லுகிறது. இடத்தைப் பொறுப்பேற்ற போலீஸ் அதிகாரி மற்றத் துறையினரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற கட்டளையும் அதே சட்டத்தில் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஞானம் இருக்கிறது. அதிகாரம் முழுவதையும் ஒரே மனிதரிடம் கொடுக்கவில்லை. இடம் ஒருவருக்கு, நோயாளி இன்னொருவருக்கு என்று வேலையைப் பார்த்துப் பங்கிட்டிருக்கிறது. ஆனால் பங்கிட்ட எல்லாவற்றுக்கும் ஒரு வரப்பு உண்டு. வரப்பில்தான் தகராறு வரும். தீயணைப்பு வண்டி நின்ற இடம் சாலையின் ஒரு பகுதி. அந்த வகையில் அது போலீஸின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அதே வண்டி நோயாளிக்கும் அவருக்கு உதவுகிறவர்களுக்கும் அரணாக நிற்பதால், அது சிகிச்சையோடும் சேர்ந்தது. வரப்பில் எழும் இந்தக் கேள்விக்குச் சட்டம் தருகிற ஒரே பதில் 'கலந்தாலோசியுங்கள்' என்பதே. அன்று இரவு அந்த நெடுஞ்சாலையில் குறைவுபட்டது அதுவே.

3. மருத்துவமனைக்குள்ளும் வரப்பு உண்டு

சாலையில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம். 2017 ஜூலை 26 அன்று, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லாரி ஓட்டுநர் ஒருவர் கடுமையான தீக்காயங்களுடன், நினைவில்லாமல், சால்ட் லேக் சிட்டியில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். போலீஸ் துரத்தி வந்த ஒருவனுடைய வாகனம் எதிரே வந்து அவருடைய லாரியின்மேல் மோதியிருந்தது. லாரி ஓட்டுநர்மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. எனினும் அவருடைய இரத்த மாதிரியை எடுத்துத் தரும்படி துப்பறியும் போலீஸ் அதிகாரி ஒருவர் தீக்காயப் பிரிவுக்கு வந்தார்.

பொறுப்பிலிருந்த நர்ஸ் மறுத்தார். நோயாளியின் சம்மதம் வேண்டும், அல்லது நீதிமன்ற ஆணை வேண்டும், அல்லது நோயாளி கைது செய்யப்பட்டவராக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல் இரத்தம் எடுக்க முடியாது என்று மருத்துவமனையின் விதியை அமைதியாக வாசித்துக் காட்டினார். அந்த விதி போலீஸ் துறையும் ஒப்புக்கொண்ட ஒன்று என்பதையும் எடுத்துச் சொன்னார். அவருடைய மேலதிகாரி தொலைபேசியில் இருந்து அதையே உறுதி செய்தார். வாரண்ட் இல்லாமல் இரத்தம் எடுப்பதைக் கட்டுப்படுத்தி 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருந்தது. இவ்வளவு இருந்தும், அதிகாரி அந்த நர்ஸைப் பிடித்து வெளியே இழுத்துச் சென்று கைவிலங்கு மாட்டினார். பிறகு குற்றச்சாட்டு எதுவும் இன்றி அவரை விடுவித்தார்கள்.

அந்தக் காட்சி வெளியானபோது அமெரிக்க நாடெங்கும் பெரும் கண்டனம் எழுந்தது. அதிகாரி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நகர நிர்வாகமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 5 லட்சம் டாலர் கொடுத்து அந்த நர்ஸுடன் உடன்பாடு செய்துகொண்டன. லாரி ஓட்டுநரோ அதே ஆண்டு செப்டம்பரில் மரித்துப்போனார்.

நர்ஸ் தன் சொந்த அதிகாரத்தைக் காட்ட அங்கே நிற்கவில்லை. வாய் திறந்து பேச முடியாத ஒரு மனிதருக்காக, ஏற்கெனவே எழுதி ஒப்புக்கொண்ட ஒரு விதியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். விதி எழுத்தில் இருந்தபடியால்தான் அவரால் குரலை உயர்த்தாமல் நிற்க முடிந்தது. ஆனால் எழுத்தில் இருப்பது மட்டும் போதாது என்பதையும் அதே சம்பவம் காட்டுகிறது. வந்த அதிகாரியின் மனதில் அந்த விதி பதிந்திருக்கவில்லை. அதன்பின் மருத்துவமனை தன் ஏற்பாட்டை மாற்றியது. போலீஸார் நேரே நோயாளிகள் இருக்கும் பகுதிக்கு வராமல், மேற்பார்வை நர்ஸிடம் பேச வேண்டும் என்று வைத்தார்கள்.

4. சண்டையே இல்லாமல் நேர்ந்த இழப்பு

மேலே கண்ட இரண்டிலும் மனிதர்கள் முகத்துக்கு முகம் மோதிக்கொண்டார்கள். மூன்றாவது சம்பவத்தில் யாரும் யாரோடும் மோதவில்லை. ஆனால் இழப்பு மிகப் பெரியது.

2017 மே 22 இரவு 10.31 மணிக்கு, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஓர் இசை நிகழ்ச்சி முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தபோது, தற்கொலைப் படையாளி ஒருவன் குண்டை வெடிக்கச் செய்தான். 22 பேர் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் காயப்பட்டார்கள். நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் சிறுவர் சிறுமியர் பலர்.

போலீஸார் சில நிமிடங்களில் உள்ளே போய்விட்டார்கள். அவர்களுடைய தைரியத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆயுதம் தாங்கியவர்கள் இன்னும் இருக்கலாம் என்று எண்ணி, அன்றைய பொறுப்பு அதிகாரி அப்படிப்பட்ட தாக்குதலுக்கென்று வகுத்திருந்த திட்டத்தை 10.47 மணிக்கு அறிவித்தார். ஆனால் அந்தத் தகவலை ஆம்புலன்ஸ் துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லவில்லை. அவர் ஒருவர்மேல் வேலை மலைபோல் குவிந்திருந்தது. மற்றத் துறையினர் அவரைத் தொலைபேசியில் பிடிக்க முயன்றும் முடியவில்லை.

தீயணைப்புத் துறையின் நிலையம் ஒன்று ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் இருந்தது. உள்ளே துப்பாக்கிக்காரர்கள் இருக்கலாம் என்ற அச்சத்தில், வீரர்களை அங்கே அனுப்பாமல், சுமார் 3 மைல் தொலைவில் உள்ள மற்றொரு நிலையத்தில் கூடும்படி அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். வீரர்கள் உதவி செய்ய ஏங்கியும் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்கள். தீயணைப்பு வண்டிகள் சம்பவ இடத்துக்கு வந்து சேர்ந்தபோது குண்டு வெடித்து 2 மணி நேரத்துக்கும் மேலாகியிருந்தது. ஆம்புலன்ஸ் துறையிலிருந்து, முதல் 40 நிமிடங்களில் குண்டு வெடித்த அறைக்குள் போன பாராமெடிக் ஒரே ஒருவர்தான். மொத்தமாகவே மூன்று பேர்தான் உள்ளே போனார்கள். மூன்று துறையினரும் சந்தித்துப் பேசுவதற்கு ஒரே பொது இடம்கூட அன்று அமையவில்லை.

உள்ளே இருந்தவர்களைத் தூக்கி வர ஸ்ட்ரெச்சர் கிடைக்கவில்லை. விளம்பரப் பலகைகளையும் இரும்புத் தடுப்புகளையும் ஸ்ட்ரெச்சராகப் பயன்படுத்தினார்கள். 28 வயதான ஒருவருக்குக் காலில் இரத்தம் பெருகியது. பொதுமக்களில் ஒருவர் தன் மனைவியின் பெல்ட்டை அவருடைய காலில் கட்டி இறுக்கி, அவரை விட்டு விலகாமல் இருந்தார். முக்கால் மணி நேரம் ஆன பிறகே அந்த இளைஞரை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவர முடிந்தது. பின்னர் அவர் மரித்துப்போனார். இதை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி சர் ஜான் சாண்டர்ஸ் 2022 நவம்பரில் தம் அறிக்கையை வெளியிட்டபோது, தகுந்த சிகிச்சை தாமதமின்றிக் கிடைத்திருந்தால் அந்த இளைஞர் பிழைத்திருக்கக்கூடும் என்ற முடிவைத் தெரிவித்தார்.

நண்பர்களே, இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அந்த நாட்டில் இதற்கு விதி இல்லாமல் இல்லை. மூன்று துறைகளும் இணைந்து செயல்படுவதற்கென்று 2012இல் ஜெசிப் என்னும் ஒரு திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. அதன் கொள்கைகள் ஐந்தே. ஒரே இடத்தில் கூடுங்கள். தெளிவான மொழியில் பேசுங்கள். வேலைகளை ஒருங்கிணைத்துச் செய்யுங்கள். ஆபத்தைச் சேர்ந்து மதிப்பிடுங்கள். நிலைமையைப் பற்றி எல்லாரும் ஒரே விதமாக அறிந்திருங்கள். ஒரு பள்ளிப் பிள்ளைகூட மனப்பாடம் செய்துவிடலாம். அது மட்டுமா? 2016 மே மாதத்தில் அதே மான்செஸ்டர் வட்டாரத்தில் ஒரு பெரிய ஒத்திகை நடந்தது. அந்த ஒத்திகையிலும் போலீஸ் பொறுப்பு அதிகாரியிடமிருந்து மற்றத் துறைகளுக்குத் தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை. குறை தெரிந்தும் அது திருத்தப்படவில்லை. ஓராண்டு கழித்து அதே குறை, மெய்யான காயங்களுக்கு நடுவே வெளிப்பட்டது.

கைவிலங்கு மாட்டினால் ஊரெல்லாம் பேசும். சொல்ல வேண்டிய தகவலைச் சொல்லாமல் விட்டால் அந்த நேரத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் இரண்டிலும் உள்ள நோய் ஒன்றே. ஒவ்வொரு துறையும் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குத் தன்னிடமிருந்து என்ன தேவை என்பதை மறந்துபோவதே அந்த நோய்.

5. ஒழுங்கு எப்படிப் பிறந்தது?

இதற்கு மருந்து கண்டவர்களும் உண்டு. 1970இல் கலிபோர்னியாவில் காட்டுத்தீ 13 நாட்கள் கோரமாக எரிந்தது. 16 பேர் இறந்தார்கள். 700 கட்டடங்கள் அழிந்தன. பல துறைகளைச் சேர்ந்த தீயணைப்புப் படையினர் உதவிக்கு வந்தும், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. ஒரே கருவிக்கு ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பெயர். யாருக்கு யார் கீழ்ப்படிவது என்பதும் தெரியவில்லை. ஆட்களோ தண்ணீரோ குறைவுபட்டதைவிட ஒழுங்கு குறைவுபட்டதே பெரிய சேதத்துக்குக் காரணம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அதிலிருந்து பிறந்ததே சம்பவக் கட்டளை முறை.

அந்த முறையின் சாரம் எளிமையானது. சம்பவ இடத்தில் பொறுப்பாளர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மேலதிகாரி ஒருவரே. எல்லாரும் பொதுவான சொற்களைப் பயன்படுத்த வேண்டும். பல துறைகளுக்கும் சட்டப்படி பொறுப்பு இருக்குமானால், அந்தத் துறைகளின் தலைவர்கள் ஒரே இடத்தில் ஒன்றாக நின்று, சேர்ந்து ஒரே திட்டம் வகுக்க வேண்டும். இதற்குக் கூட்டுக் கட்டளை என்று பெயர். இதில் ஒருவரும் தம் அதிகாரத்தை இழப்பதில்லை. ஆனால் ஒருவரும் மற்றவரைக் கேளாமல் தம் அதிகாரத்தைப் பிரயோகிப்பதும் இல்லை.

நம் நாட்டுக்கும் இந்த முறை வந்திருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. அதன்பின் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010 ஜூலையில் இந்தியாவுக்கு ஏற்றபடி இந்த முறையைத் திருத்தி வழிகாட்டி நூலாக வெளியிட்டது. அதன்படி மாநிலத்தில் தலைமைச் செயலரும், மாவட்டத்தில் கலெக்டரும் பொறுப்பு அதிகாரிகள். வெள்ளமோ புயலோ வரும்போது போலீஸ், தீயணைப்பு, சுகாதாரம் ஆகிய துறைகள் தனித்தனித் தீவுகளாக நிற்காமல் ஒரே அமைப்புக்குள் வேலை செய்ய வேண்டும் என்பதே நோக்கம்.

6. நம் நாட்டில் பழைய ஒரு காயம்

பெரிய பேரிடருக்கு இந்த ஒழுங்கு இருக்கட்டும். அன்றாடம் சாலையில் நடக்கும் விபத்துக்கு என்ன? நம் தேசத்தில் போலீஸ் நடைமுறைக்கும் சிகிச்சைக்கும் இடையே இருந்த வரப்பில் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. "இது போலீஸ் கேஸ், எங்களால் தொட முடியாது" என்று அடிபட்டவரைத் திருப்பி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது.

ஸ்கூட்டரில் சென்ற ஒருவரை வேகமாக வந்த கார் மோதியது. அவரை ஒருவர் அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். போலீஸ் வழக்குச் சம்பந்தப்பட்டவர்களைப் பார்க்க அனுமதி பெற்ற மருத்துவமனை 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, அங்கே போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. இந்தச் செய்தியைப் பத்திரிகையில் கண்ட பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989 ஆகஸ்ட் 28 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காயப்பட்டவர் குற்றமற்றவரோ குற்றவாளியோ, அவருடைய உயிரைக் காப்பது அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் ஒவ்வொரு மருத்துவரின் கடமை. எந்தச் சட்ட நடைமுறையும் அதற்குக் குறுக்கே வரக்கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் கருத்து. 1994இல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவும் இதே பொருளில் திருத்தப்பட்டது.

இன்று மருத்துவமனைகளில் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். புத்தகத்தில், எழுதுவதும் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பதும் நடக்கத்தான் செய்கின்றன. அவை அவசியம். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பிற்பாடு இழப்பீடு கேட்டுச் செல்லும் குடும்பம் தவிக்கும். ஆனால் எழுத்து வேலைக்காகச் சிகிச்சை காத்திருக்கக்கூடாது. ஒரு கை எழுதட்டும். மற்றக் கைகள் இரத்தத்தை நிறுத்தட்டும். தீக்காயப்பட்டவரிடம் மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வரும்போதும் இதே ஒழுங்கைக் காணலாம். கேள்வி கேட்பது மாஜிஸ்திரேட்டின் வேலை. நோயாளி பேசும் நிலையில், தெளிந்த மனதுடன் இருக்கிறாரா என்று பார்ப்பது டாக்டரின் வேலை. இருவரும் ஒரே கட்டில் அருகே நின்று, ஒருவர் எல்லையை மற்றவர் மதித்து வேலை செய்கிறார்கள். அதுதான் முறை.

உதவி செய்கிற பொதுமக்களையும் சட்டம் இப்போது காக்கிறது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிமுறைகளைக் கட்டாயமாக்கியது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்ல மனதோடு அடிபட்டவருக்கு உதவுகிறவர்மேல் வழக்குப் போட முடியாதென்று ஏற்பாடு செய்கிறது. சட்டம் அப்படிப்பட்டவருக்குக் கொடுத்திருக்கும் பெயர் 'நல்ல சமாரியன்'. அந்த உவமையை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே திருத்தத்தின் 194இ பிரிவின்படி, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

7. நாம் கற்றுக்கொள்வது என்ன?

இந்தச் சம்பவங்களிலிருந்து மூன்று காரியங்களை மனதில் பதிய வைப்போம்.

முதலாவது, யாருக்கு எந்த அதிகாரம் என்பதை விபத்து நடந்த இடத்தில் முடிவு செய்ய முடியாது. சைரன் ஒலிக்கும்போது, இரத்தம் ஓடும்போது, கூட்டம் கூச்சலிடும்போது சட்டம் பேசி ஜெயித்தவர் இல்லை. மூன்று துறையினரும் அமைதியான நாளிலேயே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளூர் இன்ஸ்பெக்டரும், தீயணைப்பு நிலைய அலுவலரும், ஆம்புலன்ஸ் ஓட்டுநரும், அவசரப் பிரிவு நர்ஸும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே மேஜையில் தேநீர் அருந்திப் பேசினால், அடுத்த விபத்தில் பாதித் தகராறு குறைந்துவிடும்.

இரண்டாவது, எழுதின விதி பழக்கமாக வேண்டும். யூட்டாவில் விதி இருந்தது. மான்செஸ்டரில் விதியும் ஒத்திகையும் இருந்தன. ஒத்திகையில் கண்ட குறையை யார், எந்தத் தேதிக்குள் சரி செய்வார் என்று ஒரு பெயரைக் குறிக்காவிட்டால், அந்த ஒத்திகையினால் பயன் இல்லை.

மூன்றாவது, அதிகாரம் வேலையைப் பின்தொடர வேண்டும். சாலை யாருடைய பொறுப்பு, நெருப்பு யாருடைய பொறுப்பு, நோயாளியின் மூச்சு யாருடைய பொறுப்பு என்று கேட்டு, அந்தந்தக் காரியத்தில் அந்தந்த மனிதரின் சொல்லுக்கு மற்றவர்கள் இடம் கொடுக்க வேண்டும். வரப்பில் சந்தேகம் எழுந்தால், முதலில் காயப்பட்டவரை ஆபத்திலிருந்து விலக்கிவிட்டு, மற்ற வழக்கைப் பிறகு அலுவலகத்தில் பேசிக்கொள்ளலாம். சூலா விஸ்டாவில் இரு துறைத் தலைவர்களும் அடுத்த நாள் அப்படித்தான் பேசினார்கள். அந்த அரை மணி நேரக் கைவிலங்கு இல்லாமலே அதைப் பேசியிருக்க முடியும்.

நம்மில் பலர் போலீஸாரும் அல்ல, தீயணைப்பு வீரரும் அல்ல. ஆனால் விபத்து நடந்த இடத்தில் வேடிக்கை பார்த்து நிற்கும் கூட்டத்தில் நாமும் நின்றிருக்கிறோம். பின்னால் நகர்ந்து வழிவிடுவதும், ஆம்புலன்ஸ் ஊழியரிடமும் போலீஸ்காரரிடமும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக் குழப்பாமல் இருப்பதும், நாம் நேரில் கண்டதைக் கேட்கும்போது சுருக்கமாகச் சொல்வதும் நாம் செய்யக்கூடிய உதவிகள். குடும்பத்திலும் வாலிபர் கூட்டங்களிலும் கீழ்க்கண்ட கேள்விகளை வைத்துப் பேசிப் பார்க்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

சிந்தித்துப் பேச:

1. உங்கள் ஊரில் விபத்து நடந்தால் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கு எந்த எண்களில் தகவல் சொல்ல வேண்டும் என்று வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரியுமா? பிள்ளைகளுக்குத் தெரியுமா?

2. தீயணைப்பு வண்டி குறுக்கே நின்ற சம்பவத்தில், நீங்கள் அந்தப் போலீஸ் அதிகாரியாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அந்தத் தீயணைப்பு வீரராக இருந்தால்?

3. மான்செஸ்டரில் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து தூரத்தில் காத்திருந்த வீரர்கள் செய்தது சரியா? கீழ்ப்படிதலுக்கும் உதவி செய்யும் கடமைக்கும் இடையே முரண்பாடு வந்தால் எப்படி முடிவு செய்வது?

4. உங்கள் அலுவலகத்திலோ, பள்ளியிலோ, சங்கத்திலோ ஓர் அவசரம் நேரிட்டால் பொறுப்பாளர் யார் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? கடைசியாக அதை எப்போது எடுத்துப் பார்த்தீர்கள்?